கண்ணாடி இல்லாமல் மலையேறிய சித்தி

எங்கள் சித்திக்கு இரண்டு முழத்துக்கு அப்பால் இருப்பது எதுவும் தெரியாது. கண்ணாடி போட்டால் எல்லாம் தெரியும். ஆனால் அந்தக் கண்ணாடியைப் போட்டால் சித்தியைத் தெரியாது. சோடாபுட்டியின் அடிப்பாகத்தை அறுத்து ஒட்டியது போன்ற கனத்த கண்ணாடி. அதற்குப் பின்னால் அவள் கண்கள் இரண்டு மிளகாக ஒடுங்கிவிடும். அதைக் கழற்றிவிட்டாலோ நாங்கள் குடியிருந்த சால் என்ற வரிசை வீடுகளிலேயே அவ்வளவு பெரிய கண் வேறு யாருக்கும் கிடையாது. இந்த ஒரு காரணத்தினால்தான் என் ஒன்பதாவது வயதில் ஒரு பகல் முழுவதும் நான் சித்திக்குக் கண்ணாக இருக்க வேண்டி வந்தது.

சித்தி அம்மாவுக்கு ஒரே தங்கை. திருநெல்வேலிப் பக்கத்து ஊரில் தாத்தா இறந்த பிறகு தாராவிக்கு வந்து, எங்கள் ஒற்றை அறைக் கோலியில் எங்களோடு இருந்தாள். பக்கத்துத் தையற்கடையிலிருந்து கட்டுக்கட்டாகச் சட்டைகள் வரும். அவற்றுக்குப் பொத்தான் காஜா எடுத்துக் கொடுப்பாள். ஊசியை மூக்கு நுனிக்குக் கொண்டுபோய் வைத்துக்கொண்டு அவள் எடுக்கும் காஜாவில் ஒரு நூல் பிசகாது. கிட்டத்துப் பார்வையில் குறையே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் சின்னப் பிள்ளைகளுக்கு சண்டே ஸ்கூல் எடுப்பாள்.

அவளைப் பெண் பார்க்க இரண்டு பேர் வந்து போயிருந்தார்கள். முதலில் வந்தவர்கள் பலகாரத்தைச் சாப்பிட்டுவிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்று போனார்கள், சொல்லியே அனுப்பவில்லை. இரண்டாவது வந்த மாப்பிள்ளையின் அம்மா அந்த அளவுக்குக்கூட நாகரிகம் பார்க்கவில்லை. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, பத்துக் கோலிக்கும் கேட்கிற மாதிரி, "பிள்ளை நல்ல பிள்ளதான். ஆனா ராத்திரி கண்ணாடியக் கழத்தி வச்சிட்டா புருசன் ஆருன்னு தெரியணும்லா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். ஒரு மாதம் எங்கள் சாலில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். சித்தியும் சிரித்தாள். அவள் சிரித்ததால் அவளுக்கு அது பெரிய விஷயமில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவதாக ஒரு வரன் வந்தது. செம்பூரில் வீடு, டிராம்பேயில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர் வேலை, அம்மாவும் பிள்ளையும் மட்டும். இந்தத் தடவை யாரையும் கோலிக்குள் விடுவதில்லை என்று அம்மா முடிவு கட்டிவிட்டாள். வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்று போனால்தானே நாலு பேருக்குத் தெரியும்? ஜனவரி மாத விடுமுறை நாளில் தாராவி சபையும் செம்பூர் சபையும் சேர்ந்து ஒரு லாஞ்சை வாடகைக்குப் பிடித்து எலிபெண்டாத் தீவுக்கு பிக்னிக் போவதாக இருந்தது. போகிற இடத்தில் தற்செயலாகப் பார்த்துக்கொள்வது. பிடித்தால் பேச்சு, பிடிக்காவிட்டால் பிக்னிக். இப்படித்தான் அந்தக் காலத்தில் எங்கள் சபைகளில் பாதிக் கல்யாணம் தற்செயலாக நடந்தது.

இதுவரைக்கும் அம்மாவின் யோசனையில் ஒரு பழுதும் இல்லை. இதற்கு மேல்தான் அவள் மூளை அளவுக்கு மீறி வேலை செய்தது. சித்தி கண்ணாடி போடாமல் வரவேண்டும் என்றாள்.

"அது மலைக்கா. காடு. படி படியா இருக்குமாம். நான் எங்கயாவது விழுந்து வச்சா?" என்றாள் சித்தி.

"விழாம இருக்கத்தான் இவ வாரால்லா," என்று அம்மா என்னைக் காட்டினாள்.

அந்த நிமிடத்தில் எனக்குப் பதவி கிடைத்தது. ஒரு வாரம் ஒத்திகை நடந்தது. சித்தியின் இடது கையை நான் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒரு அழுத்து அழுத்தினால் மேலே ஏறும் படி. இரண்டு அழுத்து, கீழே இறங்கும் படி. சுண்டுவிரலை இழுத்தால் எதிரே யாரோ வருகிறார்கள், சிரிக்க வேண்டும். மோதிர விரல் என்றால் அந்த ஆள் வலது பக்கம் நிற்கிறார். எங்கள் சாலின் பின்பக்கத்து இரும்பு மாடிப்படியில் ஏறி இறங்கிப் பழகினோம். சித்தி கண்ணை நன்றாகத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு ராணி மாதிரி இறங்குவாள். மூன்றாம் நாளே நாங்கள் தேறிவிட்டோம் என்று அம்மாவுக்குப் பரம திருப்தி.

எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. பொய் சொல்லக்கூடாது என்று சண்டே ஸ்கூலில் போன வாரம் சித்தியே சொல்லிக்கொடுத்திருந்தாள். அதை அம்மாவிடம் கேட்டேன்.

"பொய் சொல்லுன்னு ஆரு சொன்னா? கண்ணாடியப் பத்தி வாயத் தொறக்காதன்னுதான சொல்லுதேன்," என்றாள் அம்மா. வேதப்புத்தகத்தின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்யச் சொன்னாள். அதெல்லாம் கூடாது என்று அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார். அதனால் அம்மாவின் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தேன். சத்தியத்தை மீறினால் அம்மாவின் தலைக்கு என்ன ஆகும் என்று யாரும் சொல்லவில்லை. அதை நானே பலவிதமாக யோசித்து, அந்த வாரம் சரியாகத் தூங்கவில்லை.

கண்ணாடியை வீட்டிலேயே விட்டுவிட்டு வர சித்தி மட்டும் ஒரேயடியாக மறுத்துவிட்டாள். ஆபத்துக்குக் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்றாள். ஆகவே என் கவுனின் உட்பக்கத்தில் அம்மா ஒரு பை தைத்து, தகரக் கூட்டோடு கண்ணாடியை அதில் போட்டு, வாயை ஊக்கால் குத்தினாள். நடக்கும்போதெல்லாம் அந்தக் கூடு என் விலாவில் இடித்தது. சித்தியின் கல்யாணமே என் விலாவில் இடிப்பதாக எனக்கு இருந்தது.

காலையில் கேட்வே ஆஃப் இந்தியாவுக்குப் பக்கத்திலிருந்து லாஞ்சு புறப்பட்டது. சித்தி மாம்பழ நிறச் சேலை கட்டி, கனகாம்பரம் வைத்திருந்தாள். செம்பூர்க்காரர்கள் முன்பக்கத்து பெஞ்சிலும் நாங்கள் பின்பக்கத்திலும் உட்கார்ந்தோம். மாப்பிள்ளையின் அம்மா ஒல்லியாக, வெள்ளைச் சேலையில், மடியில் ஒரு கூடையோடு இருந்தார். பக்கத்தில் மாப்பிள்ளை. வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் சீப்பு, தோளில் சோர் பஜாரில் பழசாக விற்கும் பட்டாளத்துத் தண்ணீர் பாட்டில். எதிரே இருந்த எல்லோரையும் பார்த்தார், சித்தியை மட்டும் பார்க்கவில்லை.

மாப்பிள்ளையின் அம்மா எங்கள் பக்கம் திரும்பிச் சிரித்தார். நான் சித்தியின் சுண்டுவிரலை இழுத்தேன். சித்தி மலர்ந்து சிரித்தாள். ஆனால் நான் அவசரத்தில் மோதிர விரலை மறந்துவிட்டேன். இடது பக்கம் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்த லாஞ்சு வேலைக்காரன், கலாசி, அந்தச் சிரிப்பைத் தனக்கு என்று எடுத்துக்கொண்டு, பல் முழுவதும் தெரியப் பதிலுக்குச் சிரித்தான். அன்று மாலை வரைக்கும் அவன் எங்களை எங்கே கண்டாலும் சிரித்தான். அம்மா என் தொடையில் கிள்ளிய கிள்ளல் மட்டும் வலது இடது தப்பவில்லை.

கடல் பாதி தாண்டியிருக்கும். சண்டே ஸ்கூலில் படிக்கும் ஒரு பயல் பெஞ்சுகளுக்கு நடுவே தாவித் தாவி வந்து சித்தியின் முன்னால் நின்றான். அவள் முகத்தை அண்ணாந்து பார்த்தான்.

"டீச்சர், உங்க கண்ணாடி எங்க?"

அம்மா ஏற்கெனவே எங்கள் சபையில் நாலு பெண்களிடம் மட்டும் பரம ரகசியமாக விஷயத்தைச் சொல்லியிருந்தாள். அதாவது தாராவி சபை முழுவதற்கும் தெரியும். பெரியவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கடலைப் பார்க்க ஆரம்பித்தார்கள். நான் மடியில் வைத்திருந்த கடலை மிட்டாய் பொட்டலத்தை அப்படியே அவன் கையில் திணித்து, "அங்கன மீன் துள்ளுது பாரு," என்று அவனைத் தள்ளிக்கொண்டு போனேன். இன்ஜின் சத்தத்தில் முன்பெஞ்சுக்குக் கேட்டிருக்காது என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். மிட்டாய் போன துக்கம் தனி.

தீவில் இறங்கும் இடத்தில் அன்றைக்குப் படித்துறை போல ஒன்றும் பெரிதாக இல்லை. கரையிலிருந்து கடலுக்குள் நீளமாக, வரிசையாக, சிமெண்டுக் கட்டைகளைப் போட்டிருந்தார்கள். ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாண்டி வரவேண்டும். நாங்கள் போனபோது கடல்வெள்ளம் ஏறியிருந்ததால் லாஞ்சு கரைப்பக்கம் வரைக்குமே வந்துவிட்டது. கடைசி ஐந்தாறு கட்டைகளைக் கலாசிகள் கையைப் பிடித்துத் தாண்டவைத்தார்கள். சிரித்த கலாசி சித்தியை மிகுந்த மரியாதையோடு கரை சேர்த்தான்.

குகைக்கு ஏறும் படிகளில் எங்கள் வித்தை அமோகமாகப் பலித்தது. ஒரு அழுத்து, ஒரு படி. என் கை வலித்தது, ஆனாலும் நூற்றுக்கு மேற்பட்ட படிகளில் சித்தி ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை. மாப்பிள்ளை வெகு முன்னால் ஆண்களோடு பேசிக்கொண்டே ஏறினார். திரும்பியே பார்க்கவில்லை. மேலே குகைக்குள் பெரிய பெரிய சாமிகள் இருந்தன. உள்ளே போகலாமா என்று ஒரு வாதம் நடந்து, சரித்திரத்துக்காகப் போகலாம் என்று பாஸ்டர் தீர்ப்பு சொன்னார். சரித்திரத்தைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு எல்லோரும் ஒரு புளியமரத்தடியில் ஜமுக்காளம் விரித்துக் கட்டுச்சோற்றைப் பிரித்தோம்.

சாப்பாடு முடிந்ததும்தான் வினை வந்தது. குகைக்கு மேலே காட்டுக்குள் ஒற்றையடிப் பாதையில் அரை மணி நேரம் ஏறினால் பீரங்கி மேடு. வெள்ளைக்காரன் விட்டுப்போன பீரங்கி அங்கே இருக்கிறது, அங்கே நின்றால் பம்பாய்த் துறைமுகம் முழுவதும் தெரியும், வாலிபப் பிள்ளைகள் போய் வரட்டும் என்றார்கள். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு முழங்கால் வலி, அவர் வரவில்லை. அவரோடு பேசுவதற்காக அம்மாவும் தங்கிவிட்டாள். என்னை மரத்துக்குப் பின்னால் இழுத்துக்கொண்டுபோய், "கைய விட்டியோ, தோல உரிச்சிருவேன் பாத்துக்க," என்றாள்.

அந்தப் பாதை படிக்கட்டு இல்லை. வேர்களும் உருட்டுக் கற்களும் செம்மண் சரிவுமாக இருந்தது. இரண்டு பக்கமும் மரம் கவிந்திருந்தது. கீழே எங்கோ கழிமுகத்துச் சேறு நாறியது. ஒரு அழுத்து, இரண்டு அழுத்து என்று பாஷை பத்தாமல் போனது. வேருக்கு என்ன, வழுக்குக்கு என்ன, முகத்தில் அடிக்கும் கொப்புக்கு என்ன? நான் என் இஷ்டத்துக்கு அழுத்தினேன், இழுத்தேன், சொறிந்தேன். சித்தி பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்த முகமாக வந்தாள். அவள் உள்ளங்கை முழுக்க வேர்த்திருந்தது.

"பைய போ, ஏட்டி," என்று மூச்சுக்குள் சொன்னாள். "விழுந்தாக்கூட பரவாயில்ல. அவிய முன்னால விழக்கூடாது."

மேட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் நான் செய்த காரியத்துக்கு இன்றைக்கும் என்னிடம் சமாதானம் இல்லை. பீரங்கி அவ்வளவு பெரிது. வாலிபப் பையன்கள் அதன்மேல் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். தரை சமமாகத்தானே இருக்கிறது, சித்தி ஒரு இடத்தில் நிற்கத்தானே போகிறாள் என்று அவள் கையை விட்டுவிட்டு நானும் ஓடிப்போய் ஏறிவிட்டேன். குழல் வெயிலில் சுட்டது. அதன் வாய்ப்பக்கம் வரைக்கும் நகர்ந்து போய்த் திரும்பிப் பார்த்தேன்.

மாப்பிள்ளை சித்தியின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். காலையிலிருந்து இப்போதுதான் முதல் தடவையாகப் பேசுகிறார். கையை நீட்டி டிராம்பே மலைப் பக்கம் காட்டினார்.

"அன்னா ஒசரமா ஒரு புகைக்குழா நிக்குல்லா, அதுக்குக் கீழதான் எங்க வேல."

சித்தி தலையை ஆட்டினாள். "ஆமா. நல்லாத் தெரியுது. பெரிய குழாதான்," என்றாள்.

அவர் கை ஒரு பக்கம் நீண்டிருந்தது. சித்தி அதற்கு நேர் எதிர்ப்பக்கம், ஒரு படகுகூட இல்லாத வெறும் கடலை ஆசையோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

குட்டு உடைந்துவிட்டது என்று நினைத்தேன். அதைவிடப் பெரிய பயம் அதற்குப் பிறகுதான் வந்தது. இன்னும் நன்றாகப் பார்ப்பதாகக் காட்டிக்கொள்ள சித்தி ஒரு எட்டு முன்னால் வைத்தாள். அந்தப் பக்கம் தரை இல்லை. சரளைச் சரிவு கீழே மரங்களுக்குள் போயிற்று. அவளுக்கு அது தெரியாது. "சித்தி, நில்லு" என்று நான் கத்த வேண்டும். கத்தினால் எல்லாம் வெளியே வந்துவிடும். அம்மாவின் தலையில் சத்தியம் செய்திருக்கிறேன். கத்தாவிட்டால் சித்தி விழுவாள். அந்த இரண்டுக்கும் நடுவில் வாயைத் திறந்தபடி, சத்தம் வராமல், பீரங்கியின் மேல் நான் உட்கார்ந்திருந்தேன். என் வாழ்க்கையில் அதற்கு முன்போ பின்போ அவ்வளவு நேரம் நான் எதையும் யோசித்ததில்லை. அது ஒரு மூச்சு நேரம்தான் இருக்கும்.

மாப்பிள்ளை நீட்டிய கையை மடக்கினார். சித்தியின் கண்ணைப் பார்த்தார். அவள் பார்க்கும் திசையைப் பார்த்தார். பீரங்கிமேல் விறைத்துப்போய் இருந்த என்னைப் பார்த்தார். பிறகு நடந்துபோய், சித்திக்கும் சரிவுக்கும் நடுவில் அவளைப் பார்த்து நின்றுகொண்டார். நல்ல காட்சியை மறித்துக்கொண்டு நிற்கிறாரே, என்ன மனிதர் என்று எனக்குப் பட்டது. சித்தியும் மரியாதைக்கு ஒரு எட்டுப் பின்னால் வந்தாள். நான் குதித்து ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். முழங்காலில் ரத்தம் வந்திருந்ததைக் கீழே போன பிறகுதான் பார்த்தேன்.

கீழிருந்து பாஸ்டரின் விசில் சத்தம் கேட்டது. கடல்வெள்ளம் வற்றத் தொடங்கிவிட்டது, சீக்கிரம் வரவில்லை என்றால் லாஞ்சு தரைதட்டிவிடும் என்று ஒரு கலாசி மேலே ஏறி வந்து கத்தினான். "ஜல்தி, ஜல்தி! பானி உதர் ரஹா ஹை!" எல்லோரும் தடதடவென்று இறங்கத் தொடங்கினார்கள். எனக்கு வேறொரு பயம் வந்தது. சித்தியை வைத்துக்கொண்டு நான் ஓட முடியாது. எங்களை விட்டுவிட்டுப் போய்விட்டால்?

மாப்பிள்ளை ஓடவில்லை. ஏறும்போது குதித்துக் குதித்து ஏறிய அதே மனிதர் இப்போது எங்களுக்கு நாலடி முன்னால், கிழவனார் மாதிரி நடந்தார். அதோடு விட்டாரா? ஒவ்வொரு இடத்திலும் நின்று எனக்குப் புத்தி சொல்ல ஆரம்பித்தார்.

"பாப்பா, பாத்து. இங்கன ஒரு வேர் நீட்டிக்கிட்டு இருக்கு."

"பாப்பா, இந்தக் கல்லு ஆடுது. இடப்பக்கமா வா."

"பாப்பா, தலையக் குனி. கொப்பு கெடக்கு."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. இரண்டு கண்ணும் நன்றாக இருக்கிற எனக்கு வேர் தெரியாதா, கல் தெரியாதா? கொப்பு என் தலைக்கு ஒரு முழம் மேலே இருக்கிறது, நான் எதற்குக் குனிய வேண்டும்? நான் அழுத்துவதற்கு முன்னாலேயே இவர் வாயைத் திறந்து என் வேலையைக் கெடுத்துக்கொண்டிருந்தார். சித்தி மட்டும் எனக்காகப் பரிந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. "பெரியவிய சொல்லுதாவல்லா, கேட்டு நட," என்று என்னைத்தான் அதட்டினாள்.

கரைக்கு வந்தபோது கடல் எங்கேயோ போயிருந்தது. காலையில் தண்ணீருக்குள் இருந்த கட்டைகள் எல்லாம் பச்சைப் பாசியோடு வெளியே நின்றன. லாஞ்சு வரிசையின் கடைசிக் கட்டைக்கு அப்பால் எங்கோ ஆடிக்கொண்டிருந்தது. ஒரு கட்டையில் ஒரு ஆள்தான் நிற்கலாம். அம்மா கூடையோடு முன்னால் போய்விட்டாள்; திரும்பிப் பார்க்கக்கூட அவளுக்கு இடமில்லை. அப்பா வயதானவர்களைக் கரையேற்றிய மாதிரியே கடலேற்றிக்கொண்டிருந்தார். ஒருவர் பின் ஒருவராகத்தான் போக வேண்டும். கையைப் பிடிக்க முடியாது. ஒரு வாரப் பயிற்சியும் அந்த இடத்தில் ஒன்றுமில்லாமல் போயிற்று.

"சித்தி, கண்ணாடிய எடுத்துத் தரட்டா?" என்று கேட்டேன். அழுகை வந்துவிட்டது.

"வேண்டாம்," என்றாள். "அக்கா அங்கன இருந்து பாத்துக்கிட்டே இருப்பா. நீ என் பின்னால வா. விழுந்தா விழுதேன்."

தன் அம்மாவை லாஞ்சில் ஏற்றிவிட்ட மாப்பிள்ளை, எதிரே வருகிறவர்கள் தாண்டி முடியும் வரை பொறுத்து, கட்டை கட்டையாகத் திரும்பி வந்தார். தண்ணீர் பாட்டிலை எங்கேயோ வைத்துவிட்டேன், எடுக்க வந்தேன் என்றார். பாட்டில் அவர் தோளிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அதை நான் சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் கரையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சரி, போவட்டும்," என்று திரும்பி, சித்திக்கு முன்னால் வரிசையில் நடக்க ஆரம்பித்தார். மறுபடியும் என் தலைமேல் புத்திமதி விழுந்தது.

"பாப்பா, இங்கன ஒரு முழம் இடைவெளி. வலது கால முன்ன வை."

"பாப்பா, இதுல ஓரமெல்லாம் பாசி. நடுவுல மிதி."

"அடுத்தது கொஞ்சம் பள்ளமா இருக்கும். பைய எறங்கு."

நானோ பயத்தில் இரண்டு கட்டை பின்தங்கி நின்றிருந்தேன். அவர் இங்கே என்று சொல்லும் இடத்தில் நான் இல்லவே இல்லை. நான் அங்கே போய்ச் சேரும்போது அவர் அடுத்த இடைவெளிக்குப் போய்விடுவார். பாசியில் வழுக்கி ஒரு கால் கடலுக்குள் போய் நானே எழுந்துகொண்டேன். அப்போது அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சித்தி மட்டும் எனக்கு முன்னால் ஒரு பிசகும் இல்லாமல், வலது கால், நடு, பைய என்று எல்லாக் கட்டைகளையும் தாண்டி லாஞ்சில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். கடவுள்தான் காப்பாற்றினார் என்று நான் ஸ்தோத்திரம் சொன்னேன்.

லாஞ்சு புறப்பட்டது. அம்மாவும் மாப்பிள்ளையின் அம்மாவும் முன்பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அம்மாவின் முகத்தைப் பார்த்தால் கல்யாணத்துக்கு நாள் குறித்துவிட்டாள் போலத் தெரிந்தது. மாப்பிள்ளை அந்த பெஞ்சின் ஓரத்தில் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். சித்தி என் காதருகே குனிந்தாள்.

"ஏட்டி, ஆளு எப்படி இருக்காவ?"

"யாரு?"

"அவியதான்."

நாள் முழுவதும் கூடவே இருந்துவிட்டு என்னைக் கேட்கிறாளே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பிறகுதான் ஞாபகம் வந்தது. அவளுக்கு அவர் ஒரு வெள்ளைச் சட்டை, ஒரு குரல். அவ்வளவுதான். ஆனால் கேட்கிறாள் என்றால் விளையாட்டாகத்தான் கேட்கிறாள் என்று நினைத்தேன். மனதில் இருந்ததை எல்லாம் கொட்டினேன். நகத்தில் எல்லாம் கருப்பாகக் கிரீஸ் இருக்கிறது. காது பெரிது. மூன்று இட்லிக்கு மேல் சாப்பிடவில்லை. சீப்பு வைத்திருக்கிறார், ஆனால் தலை சீவவில்லை.

"மூஞ்சி?"

"மூஞ்சி மூஞ்சி மாதிரி இருக்கு. சரியான பயந்தாங்கொள்ளி சித்தி அவரு. சும்மா சும்மா என்னையப் பாத்து வா, பாத்து வான்னுக்கிட்டு. எனக்கா நடக்கத் தெரியாது? கட்டையில வரும்போது நான் எங்கயோ நிக்கேன், அவரு இங்கன இடைவெளி, அங்கன பாசிங்காரு. நான் வழுக்கி விழுந்தப்போ மட்டும் ஒண்ணும் சொல்லல."

சித்தியின் கை என் கையை இறுக்கிற்று. அது எங்கள் பாஷையில் இல்லாத அழுத்தம்.

"கட்டையில நீ எங்கன நின்ன?"

"ரெண்டு கட்ட பின்னால."

"எப்பவுமேவா? கடைசி வரைக்குமா?"

"ஆமா. அவரு சொல்லுத எடத்துல நீதான் நின்ன. நான் எங்க நின்னேன்?"

சித்தி முன்பெஞ்சுப் பக்கம் முகத்தைத் திருப்பினாள். நான் சொன்னது அவளுக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது, கல்யாணத்தைப் பற்றித் தப்பாக ஏதோ சொல்லிவிட்டேன் என்று பயந்தேன். அவள் என் பக்கம் கையை நீட்டினாள்.

"கண்ணாடியக் குடு."

நான் தலையை ஆட்டினேன். அம்மாவின் தலையில் செய்த சத்தியம். அம்மா இதோ, பத்தடியில் இருக்கிறாள். "வீட்டுக்குப் போயி," என்று கெஞ்சினேன். சித்தி என் கவுனுக்குள் கையை விட்டு, ஊக்கைக் கழற்றி, தகரக் கூட்டைத் திறந்தாள். சேலைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்தாள். அத்தனை பேர் நடுவில், நல்ல வெயிலில், அதை மாட்டிக்கொண்டு, முன்பெஞ்சின் ஓரத்தில் இருந்தவரை நேராகப் பார்த்தாள்.

அவரும் திரும்பினார். சித்தி கண்ணை எடுக்கவில்லை. சிரிக்கவும் இல்லை. ஒரு வார்த்தையும் விடாமல் படிக்க வேண்டிய கடிதத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்தார், என்ன நினைத்தாரோ, மறுபடியும் உள்ளே வைத்துவிட்டார். அம்மா சொல்லிக்கொண்டிருந்த கதை பாதியில் நின்றது. அவள் முகம் இருந்த இருப்பில், சத்தியம் அப்போதே அவள் தலையில் வேலையைக் காட்டத் தொடங்கிவிட்டது என்றுதான் நினைத்தேன். தூரத்திலிருந்து அந்தக் கலாசி மட்டும் சிரித்தான்.

வீட்டுக்கு வந்ததும் எனக்கு அடி விழுந்தது. கண்ணாடியை ஏன் கொடுத்தாய் என்று ஒரு அடி, பீரங்கியில் ஏறினாயாமே என்று ஒரு அடி. சித்தி குறுக்கே வந்து தடுத்தாள். அன்றிலிருந்து செம்பூர்ப் பேச்சை எங்கள் கோலியில் யாரும் எடுக்கவில்லை. சித்தி காஜா எடுத்தாள். நான் அவள் கல்யாணத்தை என் கையாலேயே கெடுத்துவிட்டேன் என்று இரவில் போர்வைக்குள் அழுதேன். நான் அவரைப் பயந்தாங்கொள்ளி என்று சொன்னதால்தானே அவள் கண்ணாடியைக் கேட்டாள்?

எட்டாம் நாள் செம்பூரிலிருந்து ஆள் வந்தது. மாப்பிள்ளைக்குச் சம்மதம், மே மாதம் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். அம்மா என்னைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தாள். சித்தி அடுப்படிப் பக்கம் திரும்பி உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தாள்.

எனக்கு மட்டும் ஒன்றும் விளங்கவில்லை. அத்தனை பெரிய சோடாபுட்டிக் கண்ணாடியை அத்தனை வெயிலில் அவர் எப்படிப் பார்க்காமல் விட்டார்? நாள் முழுவதும் நடந்ததை ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்த்தேன். தோளில் பாட்டில் தொங்கும்போதே பாட்டிலைத் தேடி வந்தவர். நான் இரண்டு கட்டை பின்னால் நிற்பது தெரியாமல், இல்லாத இடத்தைப் பார்த்துப் பாப்பா பாப்பா என்று பேசிக்கொண்டே வந்தவர். சந்தேகமே இல்லை. பாவம், அவருக்கும் கண் தெரியாது. அவர் வீட்டிலும் கண்ணாடியைப் பிடுங்கி வைத்துக்கொண்டுதான் அனுப்பியிருக்கிறார்கள்.

இதைச் சித்தியிடம் சொல்லிவிட வேண்டும் என்று இரண்டு தடவை வாய் வரைக்கும் வந்தது. அவள் இருந்த சந்தோஷத்தைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று விட்டுவிட்டேன். ரகசியம் காப்பதில் நான் அதற்குள் நன்றாகத் தேறியிருந்தேன்.